தாம்பாளத்துப் பீடி

பீடி குடிக்கிறவர்களைத் தேடிப் போய்க் கேள்வி கேட்பது என் பிழைப்பு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். என் மாமியார் இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் "சுகாதாரத்துல இருக்கா" என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார். விஷயம் இதுதான். புகையிலைக்கு எதிராக எத்தனையோ சட்டங்கள் வந்துவிட்டன. பீடிக்கட்டின் மேல் நோய்ப் படம் போட வேண்டும், பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் விற்கக் கூடாது, பேருந்து நிலையத்தில் பற்றவைத்தால் அபராதம், போதாக்குறைக்கு வரி. இதெல்லாம் புகைக்கிற மனிதரை என்ன செய்கிறது? விட்டாரா, குறைத்தாரா, இல்லை கழிப்பறைக்குப் பின்னால் ஒளிந்து பிடிக்கிறாரா? இதை ஊர் ஊராகப் போய்க் கேட்டுப் பதிவுசெய்கிற ஆராய்ச்சி ஒன்றில் நான் களப்பணியாளர். அலுவலகம் தஞ்சாவூரில். எனக்கு ஒதுக்கியது நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள். "உங்க ஊர்ப் பக்கம்தானே, அந்த ஜனங்களோட பழக்கவழக்கமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும், பதில் சொல்கிறவருக்குப் புத்தி சொல்லக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது. மூன்றையும் முதல் வாரத்திலேயே மீறியவள் நான். எனக்கு வாய் நீளம். கோபம் அதைவிட நீளம். என் கணவரைக் கேட்டால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்வார்.

நான் சொல்ல வந்த மனிதரை முதலில் பார்த்தது ஒரு புரட்டாசி மாதம், குறுவை அறுவடை சமயத்தில். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். களம் முழுக்க நெல் கொட்டிக் கிடந்தது. வானம் மூடிக்கொண்டு நின்றதால் தார்ப்பாயை இழுப்பதும் விலக்குவதுமாக ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். லோடுமேன்கள் ஏழெட்டுப் பேர் புங்க மரத்தடியில் டீக்கு உட்கார்ந்தார்கள். எங்கள் பட்டியலில் இருந்தவர் அவர் ஒருவர்தான். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். கறுத்து, மெலிந்து, தோளில் ஒரு சிவப்புத் துண்டு. வலது கால் செருப்பின் முன்பகுதியை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்திருந்தார்.

"கடைசியா எப்ப அண்ணே பீடி வாங்கினீங்க?" என்று தொடங்கினேன்.

"வாங்கி நாலஞ்சு வருசம் இருக்கும் மேடம்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேள்விகளெல்லாம் கையிலிருக்கிற டேப்லெட்டில்தான். வாங்கவில்லை என்று அமுக்கினால் அது தானாகவே 'எதனால் நிறுத்தினீர்கள்' பகுதிக்குத் தாவும். கேட்டேன். "வெலதான் மேடம். விக்கிற வெலைக்கு யாரு வாங்குறது?" என்றார். 'விலை உயர்வு' என்று அமுக்கினேன். முதல் வாரத்திலேயே வரியால் திருந்திய ஒரு மனிதரைப் பிடித்துவிட்டேன் என்ற பெருமையோடு நான் நிமிரவும், அவர் காது மடலில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பற்றவைக்கவும் சரியாக இருந்தது.

"அண்ணே! இப்பதானே நாலஞ்சு வருஷம்னீங்க?"

"வாங்கித்தான் மேடம் அவ்ளோ நாளாச்சு. குடிக்கிறியான்னு நீங்க கேக்கவே இல்லையே!"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவர்கள்தான் பிறகு விளக்கினார்கள். அன்றைக்கு யாருடைய நெல் எடை போடப்படுகிறதோ, அந்த விவசாயி லோடுமேன்களுக்கு டீ, வடையோடு பீடிக்கட்டும் கொண்டுவந்து வைப்பார். வயலில் நடவு, அறுப்பு என்றாலும் அப்படித்தான். கல்யாண வீடு, காதுகுத்து, சாவு வீடு எங்கே போனாலும் வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் பீடி இருக்கும். இவர்கள் கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. கேள்வித்தாள் எழுதினவர்கள் நகரத்துக்காரர்கள், காசு கொடுத்து வாங்காமல் ஒருவர் பீடி குடிக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. சரி, அவர்களை விடுங்கள். இதே மண்ணில் பிறந்து, எத்தனையோ வீடுகளில் அந்தத் தாம்பாளத்தைத் தாண்டிப் போயிருக்கிற எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

அன்றைக்கே அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னேன். 'நீங்கள் பிடித்த பீடி எங்கிருந்து கிடைத்தது? கடை, நண்பர், வேலை இடம், மற்றவை.' விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கியவர்களுக்கு, 'திரும்பத் தொடங்கியபோது முதல் பீடி எங்கிருந்து கிடைத்தது' என்று. அவர்களும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு ஒரே கர்வம். கூட வேலை பார்க்கிறவர்களிடம் "அது என் கேள்வி" என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வெட்டிய செருப்பு மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "முள்ளு குத்திடுச்சு மேடம்" என்றார். குனிந்து பார்த்தேன். சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. முள் குத்தினால் அப்படிக் கறுக்காது. "எத்தன நாளா இப்படி?" என்றால், "ஆடியிலேர்ந்து" என்கிறார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, அத்தனை பேர் முன்னாலும் திட்டித் தீர்த்துவிட்டேன். மறுநாள் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டாரு. நீங்க சொல்லுங்க, கேப்பாரு" என்றார்.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். களப்பணியாளர் செய்யக் கூடாத வேலை. போங்கய்யா என்று செய்தேன். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் பீடியால் சுருங்கி அடைத்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். "இத்தோட நிக்கணும்னா பீடிய விடணும். குறைக்கிறதுங்குற பேச்சே இல்ல. திரும்பத் தொட்டீங்கன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கிற மாதிரி ஆயிடும்" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். மூட்டை தூக்குகிறவருக்குக் கால் போனால் என்ன மிச்சம்? திரும்பும்போது அவர் பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது மட்டும், "கால் வேணும் தங்கச்சி" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.

பங்குனியில் இரண்டாவது சுற்றுக்குப் போனபோது அவர் பீடியை விட்டு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூட்டை தூக்குவதை நிறுத்திவிட்டு, எடை போட்ட மூட்டைகளின் வாயைத் தைக்கிற வேலையில் உட்கார்ந்திருந்தார். கால் ஆறியிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. வீட்டில் தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கியது. பீடி தொடாத ஒவ்வொரு நாளும் முடிந்தபின் மறுநாள் காலையில் அவர் மனைவி அந்தத் தாளைக் கிழித்து ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். பை புடைத்திருந்தது. "ஒரு தாளு கொறைஞ்சாலும் இவர வீட்டுக்குள்ள விட மாட்டேன்" என்றார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவதை வைத்து ஒரு கிண்டல் வேறு. "அப்ப நீங்க எனக்கு நாத்தனாரு ஆச்சே. நாத்தனாருன்னா வெறுங்கைய வீசிக்கிட்டு வந்து கேள்வி மட்டும் கேட்டுட்டுப் போறதா? ஒரு மொழம் பூவாவது வாங்கியாரக் கூடாது?"

அன்றைக்கு அவர் சொன்ன ஒரு விஷயத்தை நான் ஆராய்ச்சிக் குறிப்பில் அப்படியே எழுதி வைத்தேன். எது உதவியாக இருந்தது என்று கேட்டிருந்தேன். படமா, அபராதமா, விலையா?

"படத்தப் பாத்தா பயமாத்தான் இருக்கும். ரெண்டு நாள்ல பழகிப்போயிடும். நம்ம பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையில போர்டு வெச்சதுலேர்ந்து பீடிய வெளிய தொங்க விடுறதில்ல, உள்ள எடுத்து வெச்சுட்டாரு. கேட்டா எடுத்துக் குடுப்பாரு. ஆனா கேக்கணும்ல? பீடியால காலுக்கு ஆபத்துன்னு ஊருக்கே தெரிஞ்சப்புறம், ஒரு கட்டுக் குடுன்னு கேக்க வாய் வரல தங்கச்சி."

அதையே நான் நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று எங்கள் அலுவலகத்திலேயே அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆகிறது. இவருக்கும் பீடிக்கும் நடுவில் ஒரு கேள்வியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது, அதை அவர் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். கொள்முதல் நிலையத்தில்தான் கஷ்டப்பட்டிருக்கிறார். அங்கே கட்டைப் பிரித்து ஆளுக்கு இத்தனை என்று பங்கு வைப்பது வழக்கம். ஒருத்தரை விட்டுப் பங்கு வைக்க மற்றவர்களுக்கு மனசு வரவில்லை. அவர் வேண்டாம் என்றாலும் அவர் பங்கு அவர் துண்டின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். கடைசியில் "என் துண்டு மேல பீடி வெச்சா நான் வேலைய விட்டுட்டுப் போயிடுறேன்" என்று சண்டை போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார். கேட்டு வாங்குகிற பீடியைவிடக் கேட்காமல் வருகிற பீடிதான் அவருக்குப் பெரிய எமன். இதையும் எழுதினேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

சித்திரையில் என் அப்பா இறந்தார். காலையில் நீராகாரம் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர்தான். வயதானவர், நோய் நொடி ஒன்றும் இல்லை. இருந்தாலும் அப்பா அப்பாதானே. நான் தஞ்சாவூரிலிருந்து போய் இறங்கியபோது தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது காலங்காலமாக அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர்களின் தெரு. அப்பா பண்ணையில் வேலை பார்த்து, பிறகு குத்தகைக்கு எடுத்து, கடைசியில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். எங்களைப் படிக்கவைத்தவர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் சாவு விழுந்தால், ஊர்த் தெருவிலிருந்து வருகிறவர்கள் பந்தலுக்கு வெளியே நின்றபடியே இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். உட்கார மாட்டார்கள். எங்கள் தாம்பாளத்தில் கை வைக்க மாட்டார்கள். இப்போது உட்காருகிறார்கள், எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் யார் உட்கார்ந்தது, யார் எடுத்தது, யார் எடுக்காமல் நகர்த்திவிட்டது என்று எங்கள் ஆட்களின் கண் கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இதெல்லாம் தெரிந்த அப்பா, தன் பெரியப்பா சாவில் ஊர்த் தெருக்காரர் ஒருவர் வெற்றிலை எடுத்துப் போட்டதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சாமான் வாங்கப் பட்டியல் போடும்போது வெற்றிலை, பாக்கு, பூமாலை என்று வரிசையாகச் சொல்லிவந்த நான், "பத்துக் கட்டுப் பீடி, தீப்பெட்டி" என்றேன்.

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, நீதானே பீடிக்கு எதிரா ஊரெல்லாம் பேசுற?"

"இன்னைக்கு அதப் பேசாதடா. வந்தவங்களுக்கு வெக்கலன்னா என்ன சொல்லுவாங்க? அப்பா சாவுல தட்டு வெக்க வக்கில்லன்னு பேச்சு வர வேணாம்."

அவனுக்கு அழுகை வந்து ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான். தாம்பாளத்தை நானேதான் எடுத்து வைத்தேன். வெற்றிலையைத் துடைத்து அடுக்கினேன். பாக்கைக் கொட்டினேன். பீடிக்கட்டுகளைப் பிரித்து, எடுக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று உதிர்த்து வைத்தேன். கட்டுகளின் மேல்தாளை, அதில் இருந்த படத்தோடு சேர்த்துக் கசக்கிக் குப்பையில் போட்டேன். தாம்பாளம் பார்க்க நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நினைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நினைத்ததைவிடக் கூட்டம். ஊர்த் தெருவிலிருந்து வந்தார்கள், தம்பி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். நான் உள்ளே அப்பாவின் தலைமாட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். உச்சி வேளையில் தம்பி மனைவி வந்து காதோடு சொன்னாள். "அண்ணி, வெத்தல தீந்துபோச்சு. ஆள் அனுப்பியிருக்கு, வர நேரமாவும். தட்ட உள்ள எடுத்துடட்டுமா?"

"எடுக்காத. பீடி இருக்குல்ல? அதச் சுத்த விடு. தாம்பாளம் நிக்கக் கூடாது" என்றேன்.

காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தம்பி யார் யார் வந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். "நெல்லு கொள்முதல்ல வேல பாக்குற ஆளு ஒருத்தரு வந்திருந்தாருக்கா. காலத் தாங்கித் தாங்கி நடந்துக்கிட்டு. உன்னைய தங்கச்சின்னு சொன்னாரு. பந்தல்ல உக்காந்தாரு, நம்ம தட்டுல கை வெச்சாரு." அந்தத் துக்கத்திலும் எனக்கு மனசு நிறைந்தது. அவர் ஊர்த் தெருக்காரர். தாத்தா காலத்தில் நிலபுலத்தோடு இருந்த குடும்பம். அப்படிப்பட்டவர் நொண்டிக்கொண்டு வந்து எங்கள் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். எதை எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருக்கிறவள், அதை மட்டும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் என்னைத் தரங்கம்பாடிப் பக்கம் மீனவர் குப்பங்களுக்கு மாற்றிவிட்டார்கள். சில மாதம் அங்கேயே ஓடிவிட்டது. இரண்டு தடவை அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலையாக இருப்பார் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது சுற்றுக்கு நீடாமங்கலம் பக்கம் வந்தபோது மறுபடியும் புரட்டாசி. ஞாபகமாக ஐந்து முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். நாத்தனார் என்றோ, வாங்க என்றோ சொல்லவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டார். பூவை நீட்டினேன். வாங்கி ஜன்னலில் வைத்தார். சுவரில் காலண்டர் சித்திரை மாதத்துத் தாளோடு தொங்கிக்கொண்டிருந்தது. கிழிக்க மறந்துவிட்டார்கள்போல என்று நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து அவர் வந்தார். இரண்டு கக்கத்திலும் கட்டை. வேட்டிக்குக் கீழே வலது கால் இல்லை.

"ஐயோ! அண்ணே!"

"ஆடியில எடுத்தாங்க. ஒக்காரும்மா" என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா எனக்கு?"

"அப்பா போன துக்கத்துல இருக்குற. ஒன்கிட்ட இதையும் வந்து சொல்லணுமா?"

நான் அழுதேன். அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு அவரே, "கேள்வியக் கேளு தங்கச்சி. வந்த வேலையப் பாரு" என்றார். எனக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. டேப்லெட்டை எடுத்தேன். திரும்பத் தொடங்கினீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எந்த மாதம்? சித்திரை. அடுத்து வந்தது நான் கேட்டுச் சேர்க்கச் சொன்ன கேள்வி. "திரும்பத் தொடங்கினப்ப மொதல் பீடி எங்கேர்ந்து கெடைச்சுச்சு அண்ணே?"

"கடைன்னு போட்டுக்கம்மா" என்றார், சட்டென்று.

கடை என்று அமுக்கினால் கேள்விகள் கிளைவிடும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையா? "இல்ல... தூரம்தான்." கேட்டதும் கொடுத்தார்களா? "கேக்கல. அவங்களாத்தான் குடுத்தாங்க." எந்தக் கடைக்காரர் கேட்காமல் கொடுப்பார் என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கட்டின் மேல் எச்சரிக்கைப் படம் இருந்ததா?

"படம் ஏதும்மா? கட்டப் பிரிச்சுத் தாம்பாளத்துல உதுத்து வெச்சிருந்தா படம் எங்க தெரியும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அந்த மேல்தாள்களைக் கசக்கியது என் கை.

"எங்க வீட்டுலயா அண்ணே?"

அவர் மனைவிதான் பேசினார். அதுவரை என்னிடம் நீங்க என்றே பேசிவந்தவர், அன்றைக்கு முதல் தடவையாக 'நீ' என்றார்.

"ஒன் வீட்டுலதான். வேற எங்க? அந்தத் தேதித் தாள நான் இன்னும் கிழிக்கல, பாத்துக்க. பீடியத் தொடாதன்னு அத்தன தூரம் சொன்னவ நீ. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனவ நீ. தட்டுல பீடிய வெச்சதும் நீதானே? ஒனக்கு அறிவு இருந்துச்சா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்.

"சும்மா இருடி" என்று மனைவியை அடக்கிவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார். "வெத்தல வந்திருந்தா வெத்தலய எடுத்திருப்பேன் தங்கச்சி. என்கிட்ட வந்தப்ப தட்டுல பீடிதான் இருந்துச்சு. எடுக்காம நவுத்தியிருக்கலாம். ஆனா பக்கத்துல ஒன் சொந்தக்காரப் பெரியவரு ஒருத்தரு என் கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் எந்தத் தெருன்னு அவருக்குத் தெரியும். ஒங்க பந்தல்ல ஒக்காந்துக்கிட்டு ஒங்க தட்ட வேணாம்னு தள்ளுனா அதுக்கு அவரு என்ன அர்த்தம் பண்ணிக்குவாரு? கால் கதையெல்லாம் அங்க வெச்சுச் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்? ஒண்ண எடுத்துக் கையில வெச்சுக்குவோம், போறப்ப போட்டுடுவோம்னுதான் எடுத்தேன். அவரே தீப்பெட்டியக் கிழிச்சு நீட்டிட்டாரு."

பிறகு அவரே சொன்னார். "அதோட விட்டிருந்தாலும் பரவால்ல. மறுநாளு கடைக்குப் போனேன். கேக்குறதுக்கு வாய் வந்துடுச்சு."

ஒரு பீடியில் கால் போகாது, அதற்குப் பிறகு பிடித்தவைதான் காரணம், அது அவர் செய்தது என்றெல்லாம் எனக்கு நானே இப்போதும் சொல்லிப் பார்க்கிறேன். மனசு ஏற்பதில்லை. வெற்றிலை தீர்ந்தது என்று வந்து சொன்னபோது தட்டை உள்ளே எடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எங்கள் அப்பாவின் மரியாதை ஒன்றும் குறைந்திருக்காது. இது தெரியாதவள் செய்த தப்பு இல்லை. எல்லாம் தெரிந்து, எழுதியும் வைத்தவள் செய்தது.

டேப்லெட்டில் பின்னால் போய், 'கடை' என்று அமுக்கியிருந்ததை எடுத்தேன். 'மற்றவை' என்பதை அமுக்கினேன். குறிப்பிடவும் என்ற கட்டத்தில் எழுதினேன்: 'என் வீடு. என் அப்பா இறந்த அன்று. தாம்பாளம் வைத்தது நான்.' ஒரு வாரம் கழித்து மேற்பார்வையாளர் போன் செய்து, "மேடம், அந்த மற்றவையில ஏதோ தப்பா டைப் ஆயிருக்கு போலிருக்கே, நீக்கிடட்டுமா?" என்று கேட்டார். "சரியாத்தான் இருக்கு சார். இருக்கட்டும்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அது பிறகு. அன்றைக்கு நான் எழுந்தபோது அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஜன்னலில் பூ வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் மட்டும் கட்டைகளை ஊன்றி எழுந்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வாசல்வரை வந்தார்.

"அப்பாவுக்கு வருசம் சித்திரையிலதானே?"

"ஆமாண்ணே."

"கூப்புடு. வர்றேன். பந்தல்ல வந்து ஒக்காருவேன்" என்றார். படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். "வெத்தல மட்டும் கொஞ்சம் கூடவே வாங்கி வையி தங்கச்சி."